பேர் தெரியாதவனுக்கு ஒரு நன்றிப் பூசை

அருமைராசா பிரெஞ்சு படித்தது கௌபோய் படங்களில். மொன்றியலுக்கு வந்த புதிதில் அரசாங்கம் வைத்த மொழி வகுப்புக்கும் போனார்தான். ஆனால் பகல் முழுக்க உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தால் ஒரு வினைச்சொல்லும் மண்டையில் ஏறாது. ஞாயிறு மத்தியானங்களில் தொலைக்காட்சியில் பிரெஞ்சுக் குரல் கொடுத்த பழைய கௌபோய் படங்கள் போகும். அவற்றில் பேச்சுக் குறைவு. பேசினாலும் ஆளை ஆள் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். அது அவருக்குத் தோதாக இருந்தது. ஒருநாள் வகுப்பில் ஆசிரியை, "உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். அருமைராசா எழும்பி, "அந்நியனே, இந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை?" என்று சுத்தமான பிரெஞ்சில் சொன்னார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. உச்சரிப்பு அருமை என்று ஆசிரியை சொன்னதை அவர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

அதெல்லாம் பழைய கதை. இது நடந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. பெரிய லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். வீடு நகரத்தின் மேற்கே நோத்ர-டாம்-த-கிரேஸில், மூன்றாம் மாடியில். மனைவி ஜெயனி பக்கத்துத் தெருவிலிருந்த கார்டெரி என்னும் பிள்ளைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்தாள். ஒரே மகள் ஒட்டாவாவில் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை, மற்ற நாட்களில் வேலை என்று வாழ்க்கை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அவர் வேலை செய்தது கயெத்தான் என்பவனின் சின்னக் கொம்பனியில். லொறிகள் நிற்கும் அதன் வளவு நகரத்தின் கிழக்கே, துறைமுகத்துக்குக் கிட்ட. கிடங்குகளில் சீல் வைத்துத் தயாராக நிற்கும் கொன்டெய்னர்களை ஏற்றிக்கொண்டுபோய்த் துறைமுகத்தில் ஒப்படைப்பதுதான் தொழில். உள்ளே என்ன இருக்கிறதென்று சாரதி பார்க்க முடியாது. கடதாசியில் மெத்தை என்று இருந்தால் மெத்தை, பழைய உடுப்பு என்றால் பழைய உடுப்பு. கயெத்தான் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையே பார்த்துப் பார்த்து வேலைக்கு எடுத்தான். அவன் மனம் பெரிது என்று அருமைராசா நினைத்திருந்தார். கேள்வி கேட்காத ஆட்களைத் தேடினான் என்பது பிறகுதான் தெரிந்தது.

இலையுதிர்காலத்தில் டெனிஸ்டன் வந்து சேர்ந்தான். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். அடர்ந்த தாடி, அதற்கு மேலே எப்போதும் ஒரு கம்பளித் தொப்பி. வளவில் தமிழ்க் குரல் கேட்டதும் அருமைராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"தம்பி எந்த இடம்?"

"மன்னார், அண்ணை. வளந்தது டொரண்டோவிலை. அங்கை ஒண்டும் சரிவரேல்லை, இஞ்சாலை வந்திட்டன்."

யாழ்ப்பாணம் என்று சொல்லியிருந்தால் எந்த ஊர், எந்த ஒழுங்கை, ஆற்றை மகன் என்று அருமைராசா வேர் வரைக்கும் தோண்டியிருப்பார். மன்னாரில் அவருக்கு ஆட்களைத் தெரியாது. அதனால் அதோடு விட்டுவிட்டார்.

நத்தார்ப் பண்டிகைக்கு அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தார். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்த ஜெயனி, அவன் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து மயங்கிப்போனாள். தலை நிமிராமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் கோப்பையைத் தானே கழுவி வைத்தான். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கொரு ஞாயிறு அவர்களோடு பூசைக்கும் வந்தான். அப்படியே வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். தவக்காலம் தொடங்குமுன்பே ஜெயனி அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள். கோயில் பங்கில் சிசிலி அக்காவின் மகள் றொஷினி தாதியாக வேலை செய்கிறாள், நல்ல பிள்ளை. கேட்டால், "பாப்பம் அக்கா, பேந்து பாப்பம்," என்று நெளிவான். வெட்கம் என்று ஜெயனி எடுத்துக்கொண்டாள்.

வளவில் சாரதிகள் காத்திருக்க ஒரு அறை இருந்தது. கிழிந்த சோபா, ஒரு தொலைக்காட்சி. மாசியில் பெரிய பனிப்புயல் அடித்துத் துறைமுக வாசலில் லொறி வரிசை அசையாமல் நின்ற ஒரு மத்தியானம், அருமைராசாவும் டெனிஸ்டனும் அங்கே உட்கார்ந்து ஒரு கௌபோய் படம் பார்த்தார்கள்.

எல்லைப்புறத்தில் ஓர் ஊர். யாரோ மாப் பீப்பாய்களுக்குள் துவக்குகளை ஒளித்து எல்லை தாண்டிக் கடத்துகிறார்கள். கண்டுபிடிக்க அரசாங்கம் ஒருவனை அனுப்புகிறது. அவன் தானும் ஒரு கள்ளன் என்று சொல்லிக் கூட்டத்தில் சேருகிறான். அந்தக் கூட்டத்துக்கு வண்டி ஓட்டுகிறவன் ஒரு கிழவன். பீப்பாய்க்குள் மா இருக்கிறது என்றுதான் அவன் நம்பியிருக்கிறான். புதிதாக வந்தவனுக்குப் படுக்க இடம் கொடுக்கிறவனும், தன் சட்டியிலிருந்து பாதியை அள்ளி வைக்கிறவனும் அவன்தான். கடைசியில் பட்டாளம் வந்து சுடும்போது முதலில் விழுகிறவனும் அவனே. கதாநாயகன் குதிரையில் ஏறிப் போய்விடுகிறான்.

அருமைராசாவுக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன நியாயம் தம்பி? அந்தக் கிழவன்ரை கையாலை வாங்கித் திண்டவன். சண்டைக்கு முதல் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் ஆள் ஆரெண்டு தெரிஞ்சிடும் அண்ணை. எல்லாம் குழம்பிப்போம்."

"குழம்பட்டுமே!"

டெனிஸ்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அந்தக் கிழவனும் ஒருக்கால் பீப்பாயைத் திறந்து பாத்திருக்கலாம்."

"திறந்து பாத்திட்டு? ஆரிட்டைப் போய்ச் சொல்றது? அந்த ஊரிலை அவனுக்கு ஆரைத் தெரியும்?"

டெனிஸ்டன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். வரிசை அசைகிறதென்று யாரோ வந்து கூப்பிட, இருவரும் எழும்பிப் போனார்கள்.

பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த நேரத்தில்தான் அது நடந்தது. அன்று கடதாசியில் இருந்தது பழைய மெத்தைகள். துறைமுகத்துக்குப் போகும் நோத்ர-டாம் தெருவில் சிவப்பு விளக்குக்கு லொறியை நிறுத்தியபோது, பின்னால் கொன்டெய்னருக்குள்ளிருந்து ஒரு காரின் அபாய ஒலி விட்டுவிட்டு அலறத் தொடங்கியது. பாதையால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துறைமுகத்துக்குக் கிட்டப் போகும்போது சத்தம் தானாக ஓய்ந்தது. நகரத்தில் வீடுகளுக்கு முன்னால் நின்ற கார்கள் களவு போவதும், அவை கப்பலேறி எங்கோ தூர தேசத்தில் விற்கப்படுவதும் செய்தியில் அடிக்கடி வரும் விஷயந்தான். அவருக்கு எல்லாம் ஒரே கணத்தில் விளங்கிவிட்டது.

வளவுக்குத் திரும்பி வந்து கயெத்தானிடம் சொன்னார். அவன் சிரித்தான். யாரோ பிள்ளையின் விளையாட்டுச் சாமானாக இருக்கும் என்றான். பிறகு அவர் தோளில் கையைப் போட்டு, "அருமை, நீ நல்ல சாரதி. நல்ல சாரதிக்குக் காது மந்தம்," என்றான். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது. இப்படிச் சிரிக்கிறவர்களை அவர் படங்களில் நிறையப் பார்த்திருந்தார்.

அடுத்தநாள் காலை, டயர் அடுக்கியிருந்த மூலையில் டெனிஸ்டனைப் பிடித்துக்கொண்டார். ஜெயனிக்குக்கூட அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"தம்பி, நான் ஏத்தினது களவுக் கார். என்ரை காதாலை கேட்டனான். பொலிசுக்குப் போவமெண்டாலும் பயமாக் கிடக்கு. கடதாசியிலை கையெழுத்துப் போட்டது நான். என்னைத்தான் முதல் பிடிப்பாங்கள். பேசாமல் இருப்பமெண்டாலும் மனம் கேக்குதில்லை. என்ன செய்ய?"

டெனிஸ்டன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தான்.

"எனக்குச் சொல்லிட்டியள்தானே அண்ணை."

"உனக்குச் சொல்லி என்னடாப்பா நடக்கப்போகுது?"

"சொன்னது நல்லது. இனி அந்தக் கிடங்குப் பக்கம் போகாதேங்கோ. முதுகு, நாரி எல்லாம் நோ, பாரமான ஓட்டம் ஏலாதெண்டு சொல்லுங்கோ. அதை நான் எடுக்கிறன்."

அருமைராசா அப்படியே செய்தார். கயெத்தான் முறைத்தான். ஆனால் டெனிஸ்டன் தானாக முன்வந்து அந்த ஓட்டங்களைக் கேட்டதும் அவனுக்கு ஆறுதலாகிவிட்டது. அதற்குப் பிறகு டெனிஸ்டனை அவன் அறைக்குள் கூப்பிட்டுக் கதைப்பான். இருவரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் வெளியே கேட்கும். கயெத்தானின் காரில் ஏறி எங்கெங்கோ போய் வந்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துகொண்டே பெடியன் துணிந்து இறங்கிவிட்டான் என்று அருமைராசாவுக்கு நெஞ்சு எரிந்தது.

ஒருநாள் அவனை மறித்துக் கேட்டார். "உனக்கேனடா இந்த வேலை? வடிவான பெடியன், இருந்திருந்து இப்பிடிக் கெட்டுப்போறியே!"

"பயப்பிடாதேங்கோ அண்ணை."

"எனக்கென்ன பயம்? உன்னை நினைக்கத்தான் வயிறு எரியுது."

அன்று வீட்டுக்குப் போய், "றொஷினியின்ரை விஷயத்தை விடு," என்று ஜெயனியிடம் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "பெடியன் சரியில்லை," என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. சிசிலி அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஜெயனி இரண்டு நாள் புறுபுறுத்தாள். உயிர்த்த ஞாயிறுக்கு டெனிஸ்டனைக் கூப்பிடவில்லை. மறுநாள் வளவில் அவன் கிட்ட வந்து, "உயிர்த்த ஞாயிறு வாழ்த்து அண்ணை," என்றபோது அருமைராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வைகாசியில் ஒரு காலை, வளவுக்குள் பொலிஸ் வாகனங்கள் வந்து நிறைந்தன. எல்லோரையும் கையை உயர்த்தச் சொன்னார்கள். அந்தப் பிரெஞ்சு அருமைராசாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தனக்கு யாரும் அதைச் சொல்வார்கள் என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. கயெத்தானுக்கு விலங்கு போட்டார்கள். டெனிஸ்டனையும் கல்லுத் தரையில் குப்புறப் படுக்க வைத்து விலங்கு போட்டார்கள். தன் நிலைமையே தெரியாத அந்த நேரத்திலும் அருமைராசாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. 'அட பெடியா, சொன்னேனே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

நிலையத்தில் ஒரு சின்ன அறையில் அவரை இருத்தினார்கள். எதிரே ஒரு பெண் அதிகாரி. அவர் ஏற்றிய கொன்டெய்னர்கள், அவர் போட்ட கையெழுத்துகள் என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். அருமைராசாவுக்குத் தெரிந்த பிரெஞ்சும் மறந்துபோயிற்று. ஜெயனி இந்நேரம் பிள்ளைகளுக்குச் சூப் வார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைவு வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்கள். தமிழ் தெரிந்தவர் வருகிறார்," என்றாள் அதிகாரி.

கதவு திறந்தது. தாடி மழித்த ஒருவன் வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்தான். இடுப்பில் பொலிஸ் சின்னம் தொங்கியது. அருமைராசாவுக்கு ஆள் பிடிபடவில்லை. அவன் அதிகாரியைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னான்: "அபாய ஒலி கேட்டதற்கு மறுநாளே இந்த மனிதர் தானாக வந்து எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். நான் அப்போது கடமையில் இருந்தேன். ஆகவே அவர் பொலிசிடம் சொல்லிவிட்டார் என்றே அர்த்தம். அதற்குப் பிறகு அந்தக் கிடங்குச் சரக்கை அவர் தொடவேயில்லை."

குரலைக் கேட்டபிறகுதான் ஆள் டெனிஸ்டன் என்று அருமைராசாவுக்குப் பிடிபட்டது.

"நீ... நீங்கள்..." எந்தச் சொல்லைப் போடுவதென்று நாக்குத் தடுமாறியது.

"தம்பி எண்டே சொல்லுங்கோ அண்ணை."

"பேர் டெனிஸ்டன்தானோ?"

"இல்லை. உண்மைப் பேரை இப்ப சொல்லேலாது. குறை நினையாதேங்கோ." அவன் கதிரையை இழுத்துக் கிட்ட இருந்தான். "நான் இந்த அறைக்குள்ளை வந்திருக்கக்கூடாது. எங்களை மாதிரி வேசம் போட்டு வேலை செய்யிற ஆக்கள் முகம் காட்டுறேல்லை. மேலை இருக்கிற பெரியவை வேண்டாமெண்டவை. நான்தான் கெஞ்சிக் கேட்டு வந்தனான். ஆரோ ஒரு ஆள் வந்து உங்களை விட்டுட்டம், போங்கோ எண்டு சொல்லியிருந்தால், என்னையும் ஒரு கள்ளனெண்டு நினைச்சுக்கொண்டே போயிருப்பியள். அது எனக்கு மனம் கேக்கேல்லை."

அருமைராசாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்ததோ, "ஜெயனி உமக்குக் கலியாணம் எல்லோ பேசினவள்!" என்பதுதான்.

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அக்காவிட்டை மன்னிப்புக் கேட்டனெண்டு சொல்லுங்கோ. எனக்கு மனிசியும் ஒரு மகளும் இருக்கினம்."

அன்று பின்னேரமே அருமைராசா வீட்டுக்கு வந்துவிட்டார். ஜெயனியைப் பக்கத்தில் இருத்தி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் வாயில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அதுதான் பூசையிலை எப்ப எழும்புறது, எப்ப முழங்கால்படியிடுறதெண்டு தெரியாமல் முழிச்சவன்!" என்றாள். பிறகு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

கயெத்தானின் கொம்பனி மூடப்பட்டது. அருமைராசாவின் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதத்துக்குள் மரக்கறி ஏற்றும் வேறொரு கொம்பனியில் வேலை கிடைத்தது. காலையில் லொறியில் ஏறிக் கதவைச் சாத்தும்போதெல்லாம் அவருக்கு அவன் நினைவு வரும். தன்னை அந்தக் கிடங்குப் பக்கம் போகவிடாமல் அந்த ஓட்டங்களை அவன் தன் தலையில் போட்டுக்கொண்ட நாட்களில்தான், தான் அவனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை நினைக்க நெஞ்சு கரையும். ஒரு நன்றியாவது சொல்லவேண்டும். எங்கே போய், யாரிடம் சொல்வது? வழக்கு முடியும் வரைக்கும் அவனைத் தேடக்கூடாது என்று பொலிசில் சொல்லியிருந்தார்கள்.

ஜெயனிதான் வழி சொன்னாள். "நன்றிப் பூசை ஒண்டு ஒப்புக்குடுப்பமே."

பங்கு அலுவலகத்தில் யோசெப் சுவாமி பேனையை எடுத்தார். "ஆற்றை பேருக்கு?"

"பேர் தெரியாது சுவாமி."

"இருக்கிறவரோ, செத்தவரோ?"

"இருக்கிறார். நல்லா இருக்கோணும்."

"வேதக்காரரோ, சைவரோ?"

"அதுவும் வடிவாத் தெரியாது."

சுவாமி பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அருமைராசா கதையைச் சொன்னார். கேட்டு முடித்த சுவாமி, "ஆண்டவருக்கு ஆளைத் தெரியும். அது காணும்," என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்குமுன், "பெயர் தெரியாத ஒரு சகோதரருக்காக அருமைராசா, ஜெயனி குடும்பத்தினர் ஒப்புக்கொடுக்கும் நன்றிப் பூசை," என்று வாசித்தார்கள். கோயிலுக்குள் ஒரு குசுகுசுப்பு ஓடியது. அருமைராசா கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. எங்கே இருந்தாலும் அவன் வேளைக்குச் சாப்பிடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பூசை முடிந்து வெளியே வந்ததும் சிசிலி அக்கா ஓடிவந்து விசாரிக்க, ஜெயனி மறைக்காமல் சொல்லி மன்னிப்பும் கேட்டாள். சிசிலி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவள் றொஷினி தாடிக்காரனை வேண்டாமெண்டு எப்பவோ சொல்லிட்டாளடி. உனக்கு எப்பிடிச் சொல்றதெண்டு நான் முழிச்சுக்கொண்டு இருந்தனான்!"

அடுத்த வருடம் கயெத்தானும் கூட்டாளிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கோடையில் ஒரு சனிக்கிழமை, வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவன் நின்றான். பக்கத்தில் ஒரு பெண். அவள் கையைப் பிடித்தபடி மூன்று வயதுப் பிள்ளை.

"அண்ணை, நான் யதுர்ஷன். இவ சாம்பவி. நாங்கள் சைவக்காரர்."

ஜெயனி குசினியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். அவனை அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் நின்று, கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் அருமைராசா எழும்பி நின்றார். ஒரு வருடமாக மனதில் அடுக்கி வைத்திருந்த சொற்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "தம்பி, நான் என்ரை வீட்டிலை, என்ரை மேசையிலை இருந்து சாப்பிடுறன் எண்டால் அது உம்மாலை. பெரிய நன்றியப்பா," என்றார். அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

யதுர்ஷன் புட்டைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "நானும் நன்றி சொல்லத்தான் வந்தனான் அண்ணை. வேறை ஆளா மாறி மாசக்கணக்கா இருந்தால், பேந்து தன்னைத் தனக்கே பிடிபடாமல் போகும். நான் கெட்டுப்போறன் எண்டு நீங்கள் அண்டைக்கு வயிறு எரிஞ்சியள். வாழ்த்துச் சொல்ல முகத்தைத் திருப்பினியள். அண்டைக்கு வீட்டை போய் அழுதனான். சந்தோசத்திலைதான். டெனிஸ்டன் கள்ளனாப் போறானெண்டு கவலைப்பட உலகத்திலை ஒரு ஆள் இருந்திருக்கிறார். அதை நினைச்சுக்கொண்டுதான் மிச்ச நாளைக் கடத்தினனான்." இப்போது அந்த வேலையை விட்டுவிட்டதாகவும், வேறு பிரிவில் சாதாரண பொலிஸ்காரனாக இருப்பதாகவும் சொன்னான்.

சாம்பவி கணவனின் முதுகில் கையை வைத்தாள். "உங்கடை வீட்டுப் புட்டைப் பற்றி இவர் சொல்லாத நாள் இல்லை அக்கா," என்றாள். ஜெயனி உடனே எழும்பி இன்னொரு கரண்டி அள்ளி வைத்தாள்.

பின்னேரம் வரைக்கும் இருந்து கதைத்தார்கள். புறப்படும் நேரம் பிள்ளை சோபாவில் நித்திரையாகிவிட்டது. எழுப்பவேண்டாம் என்று அருமைராசா மெல்லத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வெளிப்படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாகப் பார்த்து, மூன்று மாடியும் அவரே சுமந்து இறங்கிக் காரில் கிடத்தினார்.